யாருடைய கடிகாரம்?

விலை உயர்ந்த ஆட்டோமாட்டிக் கைக்கடிகாரம் ஒரு கலைப்படைப்பு என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சில லட்சம் ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறவர்கள் மீது எனக்குப் பொறாமையும் இல்லை, கோபமும் இல்லை. தம் பணத்தை ஒருவர் கையில் கட்டிக்கொண்டால் என்ன, கழுத்தில் போட்டுக்கொண்டால் என்ன? ஆனால், "நான் இதை வாங்கியிருக்கிறேன்" என்று அவர் சொல்கிறாரே, அந்த 'வாங்கியிருக்கிறேன்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பழுது வந்தால் தமக்கு நம்பிக்கையான ஒரு தொழிலாளியிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ள வழியில்லாத ஒரு பொருளை ஒருவர் வாங்கவில்லை. பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்து வாடகைக்கு எடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

இதைச் சொல்ல உளுந்தூர்பேட்டையில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரிகிற ஊர் இது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு, இறங்கி டீ குடித்த ஊராகத்தான் இது நினைவில் இருக்கும். லட்ச ரூபாய்க் கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டுகிற கடையை நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் கடிகாரம் பழுது பார்க்கிறவர் இருக்கிறார். கடிகாரத்தைப் பற்றி நியாயமாகப் பேச, விற்கிறவர் பக்கத்தில் உட்காருவதைவிடப் பழுது பார்க்கிறவர் பக்கத்தில் உட்காருவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒரு கட்சிக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். "இருநூறு முந்நூறு ரூபாய் பாட்டரிக் கடிகாரம் அதைவிடச் சரியாக மணி காட்டுகிறதே, பிறகு லட்ச ரூபாய் எதற்கு?" என்று கேட்பவர்களின் கட்சி அது. கணக்கில் அவர்கள் சொல்வது உண்மை. 1969 டிசம்பர் 25-ஆம் தேதி ஜப்பானின் ஸைகோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றே அந்த வழக்கு முடிந்துபோயிற்று. இன்றைய சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது; மாதம் பூராவும் ஓடினாலும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் பெரும்பாலும் தவறுவதில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் 1970-இல் கடிகாரத் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 90,000 பேர். 1980-களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் மிஞ்சினார்கள். அந்தத் தோல்வியை யாரும் மறைக்க முடியாது. இப்போதோ மணி பார்க்கக் கடிகாரமே வேண்டாம். சட்டைப்பையில் தொலைபேசி இருக்கிறது.

ஆனாலும் இந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். வயிறு நிரம்புவது ஒன்றுதான் சாப்பாட்டின் பிரயோஜனம் என்றால், வாழையிலையை விரித்து, தண்ணீர் தெளித்து, இன்ன பதார்த்தம் இன்ன மூலையில் என்று பரிமாறுவது எதற்கு? மனிதன் ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதோடு திருப்தி அடைகிறவன் அல்லன். அழகாகச் செய்து முடித்தோமா என்றும் பார்க்கிறவன். அந்த ஆசையைக் கேலி செய்தால், நான் எழுதுகிற கதைகளையும் சேர்த்தே கேலி செய்ய வேண்டியிருக்கும்.

ஆட்டோமாட்டிக் கடிகாரத்தின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதில் பாட்டரி இல்லை. தினம் சாவி கொடுக்க வேண்டியதும் இல்லை. உள்ளே அரைவட்ட வடிவில் கனமான ஓர் உலோகத் துண்டு அச்சில் மாட்டியிருக்கிறது. அதை ரோட்டார் என்பார்கள். நீங்கள் கையை வீசி நடக்கும்போதும், சோற்றைப் பிசையும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும் அது சுழல்கிறது. அந்தச் சுழற்சி சின்னஞ்சிறு பற்சக்கரங்களின் வழியே போய் மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. நன்றாக முறுகிவிட்டால், கடிகாரத்தைக் கழற்றி வைத்த பிறகும் சுமார் நாற்பது மணி நேரம் ஓடும். சரி, ஸ்பிரிங் முழுவதும் முறுகிய பிறகும் கை அசைந்துகொண்டிருந்தால் அறுந்துபோகாதா? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பெட்டியின் உட்சுவரில் பிணைக்காமல், அளவுக்கு மீறி இழுத்தால் வழுக்கிக் கொடுக்கும்படி விட்டிருக்கிறார்கள். விட்டுக்கொடுக்கத் தெரிந்ததனால் அது பிழைக்கிறது.

பிறகு பேலன்ஸ் வீல். ஒரு வளையம் இப்படியும் அப்படியுமாக ஆடுகிறது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 28,800 அடிப்பு அடிக்கிறது. ஒரு நாளைக்கு 6,91,200. ஓராண்டுக்கு 25 கோடிக்கு மேல். அதை ஆட்டுவிக்கிற ஹேர் ஸ்பிரிங்குக்குப் பெயரிலேயே மயிர் இருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் மலைநாட்டுக் குளிரிலும் அதன் விறைப்பு மாறக்கூடாது. அப்படிப்பட்ட கலவை உலோகங்களுக்கு வழிகாட்டியவர் ஷார்ல் எத்வார் கியோம் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி. கடிகாரத் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர். நிக்கல் எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1920-இல் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் சேர்ந்துதான், ஒரு நாளின் 86,400 விநாடிகளில் நாலு விநாடி பின்தங்கலாம், ஆறு விநாடி முந்தலாம் என்ற ஸ்விஸ் சான்றிதழின் எல்லைக்குள் ஒரு யந்திரத்தை நிறுத்துகின்றன. வெறும் ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்த மனித புத்தியைக் கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால் விலைக்கும் இந்த வேலைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல் அல்ல. '17 ஜுவல்ஸ்' என்று முகப்பில் அச்சிட்ட கடிகாரத்தை, உள்ளே பதினேழு ரத்தினம் இருப்பதாக நம்பி பீரோவில் பூட்டி வைத்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவை செயற்கைக் கெம்புகள். அவற்றைச் செய்யும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சு ரசாயனி 1902-இல் உலகுக்கு அறிவித்தார். நகைக்கடையில் அந்தக் கற்களை வைத்து ஒரு மூக்குத்திகூட வாங்க முடியாது. கடிகாரத்தில் அவற்றுக்கு மதிப்பு வந்தது, சக்கரங்களின் அச்சு அவற்றின் மேல் தேயாமல் சுழல்வதனால்தான். கடிகாரத்தைப் பொறுத்தவரை, உபயோகம்தான் ரத்தினம்.

இந்த ஆட்டோமாட்டிக் அமைப்பைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? மன்னருக்கும் சீமான்களுக்கும் கடிகாரம் செய்த பெரிய பட்டறை முதலாளி அல்லர். ஜான் ஹார்வுட் என்ற இங்கிலீஷ்காரர். முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவர். தானே முறுக்கிக்கொள்ளும் கடிகாரம் அவருக்கு முன்பே உண்டு; 1770-களில் ஸ்விட்ஸர்லாந்தில் பெர்லே என்பவர் சட்டைப்பைக் கடிகாரத்தில் அதைச் செய்திருந்தார். ஆனால் ஹார்வுட் பார்த்தது வேறு. தம்மிடம் வருகிற கைக்கடிகாரங்களில் பல, சாவி கொடுக்கும் திருகு நுழைகிற துவாரத்தின் வழியாகத் தூசியும் ஈரமும் புகுந்து கெட்டுப்போயிருந்தன. துவாரமே வேண்டாம் என்றால் திருகு வேண்டாம். திருகு வேண்டாம் என்றால் கடிகாரம் தானே முறுக்கிக்கொள்ள வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே போனார். 1924-இல் அவருக்கு ஸ்விஸ் காப்புரிமை கிடைத்தது. அவருடைய கடிகாரத்தில் திருகே இல்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித்தான் முள்ளை நகர்த்த வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அவருடைய கம்பெனி மூழ்கிவிட்டது. 1931-இல் ரோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் ரோட்டாரைக் கொண்டுவந்து பெயரும் பணமும் சம்பாதித்தது.

இதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிற ஒரு பொருளின் மூலக் கருத்து, பழுது பார்க்கிற ஒருவனின் மேஜையில் பிறந்தது. கெட்டுப்போன கடிகாரங்களைத் திறந்து திறந்து பார்த்தவனுக்குத்தான் கெடாத கடிகாரம் தோன்றிற்று. அந்தப் பழுது பார்க்கிறவனுடைய வாரிசுகளுக்குத்தான் இன்று கதவைச் சாத்துகிறார்கள்!

எப்படி என்று சொல்கிறேன். உயர்ந்த கடிகாரங்களில் பல இப்போது முதுகுப் பக்கத்தில் கண்ணாடி வைத்து வருகின்றன. அதன் வழியே பார்த்தால் உள்ளே தகடுகளின் மேல் ஜெனீவா வரிகள் என்கிற அலைக் கோடுகள், புள்ளி வட்டங்கள், சாய்த்துச் சீவிப் பளபளப்பேற்றிய ஓரங்கள் எல்லாம் தெரியும். ஸ்விட்ஸர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் இன்றும் சில கைவினைஞர்கள், அங்கே விளைகிற ஜென்ஷியன் என்ற செடியின் தண்டைக் குச்சியாக்கி அதைக் கொண்டு இந்த ஓரங்களைத் தேய்க்கிறார்கள். அந்த உழைப்பு பொய் அல்ல. ஓரத்தைச் சீவுவது ஆதியில் அலங்காரமும் அல்ல; பிசிறு உதிர்ந்து சக்கரத்தில் மாட்டாமல் இருக்கச் செய்த காரியம் பிறகு அழகாயிற்று. நல்ல கைவினை எல்லாமே அப்படி வளர்ந்ததுதான்.

ஆனால் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்; திறக்கக் கூடாது என்கிறார்கள். ஸ்விஸ் பெரு நிறுவனங்கள் பலவும், தாங்கள் அங்கீகாரம் கொடுத்த நிலையங்களுக்குத் தவிர வெளியாருக்கு உதிரி பாகம் விற்பதில்லை என்று வைத்திருக்கின்றன. பிரிட்டனில் உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கிச் சிறு தொழிலாளிகளுக்கு விற்றுவந்த வியாபாரிக்கு, 2015-ஆம் ஆண்டு முடிவோடு ஸ்வாட்ச் குழுமம் சரக்கை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவில் கடிகாரம் பழுது பார்ப்போரின் சங்கங்கள் ஒன்றுகூடி 2004-இலேயே ஐரோப்பியக் கமிஷனிடம் புகார் செய்தன. கமிஷன் 2014-இல் புகாரைத் தள்ளிவிட்டது. 2017-இல் அங்குள்ள பொது நீதிமன்றமும் கமிஷன் செய்தது சரி என்றது.

எங்கோ ஐரோப்பாவில் நடக்கிற வழக்கு நமக்கு எதற்கு என்று இருக்க முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் தன் தகப்பனாருக்கு ஓர் ஆட்டோமாட்டிக் கடிகாரம் வாங்கி வந்து கட்டிவிட்டான். நாலாவது வருஷம் அது நின்றுபோயிற்று. எங்கள் ஊர்க்காரரிடம் எடுத்துப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"எண்ணெய் காஞ்சிருக்கு சார். அதைக் கழுவிப் போட்டுடலாம். ரோட்டார் பக்கம் ஒரு சக்கரத்துல பல்லு தேஞ்சிருக்கு. அந்தச் சக்கரம்தான் எனக்குக் கிடைக்காது."

"சென்னையில கேட்டுப் பாக்கலாமே பாய்? என்ன விலையானாலும் குடுத்துடலாம்."

"விலை குடுத்தாலும் குடுக்கமாட்டாங்க சார். நீ யாருன்னு கேப்பாங்க."

"நாப்பது வருஷமா கடிகாரம் பாக்கறவன்னு சொல்லுங்க."

"அது அவங்க பதிவேட்டுல இல்லையே சார்!"

நகரத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றுக்குக் கடிகாரம் போயிற்று. ஒரு சக்கரத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இல்லை, முழு வேலையும் செய்ய வேண்டும் என்று சொல்லி அவர்கள் கொடுத்த மதிப்பீடு, என் மைத்துனரின் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். அவர் கடிகாரத்தைத் திருப்பி வாங்கிவந்து பீரோவில் வைத்துவிட்டார். பிள்ளை ஆசையாகக் கொடுத்த பொருள் பூட்டிக் கிடக்கிறது. நாற்பது வருஷத் திறமை ஒன்று தெருமுனையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பற்சக்கரம்!

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயங்கள் சொல்கிறார்கள். போலிப் பாகங்கள் நுழைந்துவிடும், தூசி புகும், தண்ணீர் புகாத பெட்டியைத் தப்பாக மூடினால் முழுக் கடிகாரமும் பாழாகும், கெட்ட பெயர் எங்களுக்கு என்கிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அரைகுறைக் கையால் நல்ல கடிகாரம் கெட்டதுண்டு. ஆனால் இதற்குப் பரிகாரம் என்ன? தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுங்கள், பரீட்சை வையுங்கள், தேறினவனுக்குப் பாகம் விற்றுக் காசு வாங்கிக்கொள்ளுங்கள். போலிப் பாகம் வருகிறதென்றால், அசலை விற்க மறுக்கிற இடத்தில்தான் போலிக்குச் சந்தை. நீதிமன்றம் இது சட்ட விரோதம் அல்ல என்று சொல்லியிருக்கலாம். சட்ட விரோதம் அல்லாததெல்லாம் தர்மம் ஆகிவிடுமா?

இன்னும் ஒன்று. கைவினை, பரம்பரை, பாட்டன் பேரனுக்கு விட்டுச் செல்லும் சொத்து என்றெல்லாம் சொல்லித்தானே இந்தக் கடிகாரங்களை விற்கிறார்கள்? பேரன் காலத்தில் அதைத் திறக்க ஆள் வேண்டாமா? சில வருஷங்களுக்கு ஒரு முறை பழைய எண்ணெயைக் கழுவிப் புது எண்ணெய் இட்டால்தான் அது ஓடும். பழுது பார்க்கும் தொழிலை அழித்துவிட்டுப் பரம்பரையைப் பற்றிப் பேசுவது, ஆற்றை அடைத்துவிட்டுப் படித்துறைக்குப் பூஜை போடுவது மாதிரி.

எங்கள் மாவட்டத்திலேயே வேறு விதமான கைவினை ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஓர் ஆசாரி செதுக்கிய வாசற்கதவில் ஒரு பூவிதழ் உடைந்தால், வேறு ஊர் ஆசாரி வந்து இழைத்துப் பொருத்திவிட்டுப் போகலாம். முதல் ஆசாரி அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. அதனால் அவருடைய பெருமை குறைந்தும் போகவில்லை. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது, கதவைப் பூட்டுவதில்லை.

கடிகாரத்திலும் இந்தத் தேசம் அந்த வழியைப் பார்த்திருக்கிறது. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1961-இல் ஜப்பானின் ஸிட்டிஸன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. சாவி கொடுக்கும் 'ஜனதா'வும் ஆட்டோமாட்டிக் 'காஞ்ச'னும் அங்கிருந்து வந்தவைதான். மாப்பிள்ளைக்குக் காஞ்சன் வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் பிடிவாதம் பிடித்த காலம் ஒன்று உண்டு. அந்த வழக்கத்தை நான் புகழவில்லை. அந்தக் கடிகாரத்தைப் புகழ்கிறேன். ஸ்விஸ் கடிகாரத்தின் பளபளப்பு அதற்கு இல்லை. ஜெனீவா வரி இல்லை. ஆனால் எந்த ஊர் பஸ் நிலையத்திலும் ஒரு தொழிலாளி அதைத் திறப்பார், பாகம் கிடைக்கும், மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். கடிகாரத் தொழிற்சாலைகளை மூடுவதென்று மத்திய அரசு 2016-இல் முடிவு செய்தது. ஆனாலும் பழைய எச்.எம்.டி.க்கள் இன்னும் ஓடுகின்றன. நின்றுபோன ஒன்றிலிருந்து சக்கரம் எடுத்து இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டுகிறார்கள். தொழிற்சாலை போன பிறகும் பொருளை உயிரோடு வைத்திருப்பது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களின் கைகள்தான்.

எங்கள் ஊரிலிருந்து சேலத்துச் சாலையைப் பிடித்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் அங்கேதான் வளர்ந்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தால் பெயர் பெற்ற அந்த நிறுவனம், தன் நாற்பதாவது ஆண்டையொட்டி 'ஜல்ஸா' என்று ஒரு கடிகாரம் செய்தது. பத்தே பத்துத்தான். விலை நாற்பது லட்சத்துக்கு மேல். தங்கப் பெட்டி, ப்ரெகே 1801-இல் காப்புரிமை பெற்ற தூர்பியோன் என்ற சுழலும் கூண்டு, பளிங்கின் மேல் பத்மஸ்ரீ ஷாகிர் அலி தீட்டிய ஹவா மஹால் நுண்ணோவியம். தூர்பியோன், சட்டைப்பையில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்துக்காகப் பிறந்த உபாயம். எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிற மணிக்கட்டில் அதற்கு வேலை குறைவு. இருந்தாலும் நம் ஊர்க் கைகளால் அது முடியும் என்று காட்டியதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் தமிழ்நாட்டுக் கழகத்துக்கு இன்னும் நாலில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிற நிறுவனம் அது. ஆகவே ஒரு சாதாரணப் பிரஜையாக ஒன்று கேட்க உரிமை உண்டு. பத்துப் பேருக்கு அதிசயம் செய்து காட்டிய கைகள், பத்தாயிரம் பேருக்கு ஒரு நல்ல ஆட்டோமாட்டிக் கடிகாரம் செய்து, அதன் ஒவ்வொரு பாகத்தையும் விலைக்கு வைத்து, அதைத் திறக்கும் வித்தையை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுக்கட்டும். ஸ்விஸ்காரர்களைத் தூர்பியோனில் தோற்கடிப்பதைவிட இதில் தோற்கடிப்பது பெரிய வெற்றி.

மத்திய அரசு 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், தொலைபேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டது. கைக்கடிகாரம் என்று தனியாக ஒரு துறை அதில் இல்லை. அது பணக்காரர் சமாசாரம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ! பணக்காரருக்கு நஷ்டம் இல்லை. அவர் இன்னொன்று வாங்குவார். நஷ்டம், ஒரே ஒரு முறை வாங்குகிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு. நம் தெருமுனையில் இருக்கிற தொழிலாளிக்கு.

ஆகையால், மகளுக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்கோ, ஓய்வு பெறுகிற தகப்பனாருக்கோ நல்ல கடிகாரம் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். வாங்குங்கள்; நல்லதாகவே வாங்குங்கள். ஆனால் கண்ணாடி முதுகு வழியாகக் காட்டுகிற பளபளப்பைப் பார்த்து முடித்ததும், கடைக்காரரை ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நின்றுபோனால் எங்கள் ஊரில் இதைத் திறக்க யாருக்கு உரிமை?" பதில் வருகிற வரையில் பணத்தை எடுக்காதீர்கள்.